எக்ஸ்எம் 307 கைவிடப்பட்டது ஏன்? எம்கே 19 இன்றும் தொடர்வது ஏன்?

கேள்வி: கரிகாலன்_புதுவை

அனைவருக்கும் வணக்கம். காலாட்படைக் குழுவினர் கூடி இயக்கும் ஆயுதங்களைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். அமெரிக்கத் தரைப்படைக்காக ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கி வந்த எக்ஸ்எம் 307 என்னும் 25 மி.மீ. தானியங்கி கிரனேட் லாஞ்சரை (சிறு வெடிகுண்டுகளைத் தொடர்ந்து சுடும் ஆயுதத்தை)ப் பற்றிப் படித்தபோது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

இன்று பயன்பாட்டிலுள்ள 40 மி.மீ. எம்கே 19 லாஞ்சர் தனியாகவே 35 கிலோ எடை கொண்டது. முக்காலியும் தாங்கியும் சேர்ந்தால் 62 கிலோவை எட்டிவிடுகிறது. எக்ஸ்எம் 307-ஓ முக்காலியும் கணினி இணைந்த குறிபார்ப்புக் கருவியும் சேர்ந்தே ஏறத்தாழ 23 கிலோதான் என்கிறார்கள். அதன் பயனுறு தொலைவு 2,000 மீட்டர். எம்கே 19 தனி இலக்கைத் தாக்கும் தொலைவு 1,500 மீட்டர் என்றே குறிப்பிடப்படுகிறது. இவற்றுக்கு மேலாக, பகைவரின் தலைக்கு மேல் நடுவானில் வெடிக்கும் குண்டுகளை எக்ஸ்எம் 307 சுடும். சில பாகங்களை மாற்றினால் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியாகவும் ஆகிவிடும்.

இத்தனை மேன்மைகள் இருந்தும் 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் பிறந்த எம்கே 19 இன்றும் களத்தில் இருக்கிறது. பணம் ஒன்றுதான் காரணமா, அல்லது வடிவமைப்பிலேயே குறை இருந்ததா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: ஆவடி_செல்வம்

நண்பர் கரிகாலனுக்கு வணக்கம். வெடிமருந்துத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் அடுக்கியிருக்கும் மேன்மைகள் அனைத்தும் லாஞ்சரைப் பற்றியவை. இத்தகைய ஆயுதத்தில் லாஞ்சர் என்பது குண்டைக் கொண்டு சேர்க்கும் கருவிதான். பகைவர் மீது வேலை செய்வது குண்டு. ஆகவே கேள்வியைக் குண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எம்கே 19 சுடும் குண்டு எதன் மீதாவது மோதிய பிறகே வெடிக்கிறது. தரையில் மோதி வெடிக்கும்போது அதன் சில்லுகளில் ஒரு பெரும்பகுதி மண்ணுக்குள்ளும் வானத்தை நோக்கியும் வீணாகப் போய்விடுகிறது. பதுங்குகுழிக்குள்ளோ குட்டிச்சுவருக்குப் பின்னாலோ படுத்திருப்பவர், குண்டு அருகிலேயே விழுந்தாலும் பல சமயம் தப்பிவிடுகிறார். இதைச் சரிக்கட்டத்தான் எம்கே 19 நிமிடத்துக்கு 325 முதல் 375 குண்டுகள் என்ற வேகத்தில் சுடுமாறு அமைக்கப்பட்டது. ஒரு பரப்பு முழுவதையும் குண்டுகளால் மூடிவிடுவது அதன் வழி.

எக்ஸ்எம் 307 வேறொரு வழியைத் தேர்ந்தது. லேசர் தூரமானி இலக்கு வரையுள்ள தொலைவை அளக்கும். கணினி குழலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதையும் குண்டு எந்த இடத்தில் வெடிக்க வேண்டும் என்பதையும் கணக்கிடும். அந்தக் கணக்கு குண்டிலுள்ள மின்னணு ப்யூஸுக்கு (குண்டை வெடிக்கச் செய்யும் பொறிக்கு)ச் செலுத்தப்படும். குண்டு சுவரைத் தாண்டியவுடன் நடுவானில் வெடித்து, சில்லுகளைக் கீழ்நோக்கிப் பொழியும். ஒளிந்திருப்பவருக்குச் சுவர் பயன்படாது. இது உண்மையிலேயே உயர்ந்த சிந்தனை என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் குண்டின் பருமனில் இருக்கிறது. விட்டம் 40 மி.மீட்டரிலிருந்து 25 மி.மீட்டருக்கு இறங்கினால், வடிவ விகிதம் மாறாதிருக்கும் நிலையில் கன அளவு கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 0.24 வரும். வெடிமருந்தும் சில்லாக உடையும் உலோகமும் அந்தக் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். அதற்குள்ளும் மின்கலம், மின்சுற்று, பாதுகாப்புப் பொறி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. குண்டு சிறுத்ததற்காக இந்தப் பாகங்கள் அதே விகிதத்தில் சிறுத்துவிடுவதில்லை. எனவே எக்ஸ்எம் 307-இன் குண்டு சரியான இடத்தில், சரியான உயரத்தில் வெடித்தால்தான் பயன். நான்கைந்து மீட்டர் முன்னோ பின்னோ வெடித்துவிட்டால், பெரிய குண்டு மன்னிக்கும் பிழையை இந்தச் சிறிய குண்டு மன்னிக்காது. போர்க்களத்தில் தூரத்தை அவ்வளவு துல்லியமாக அளப்பது எளிதன்று. லேசர் ஒளி இலக்குக்கு முன்னாலுள்ள புதரில் பட்டுத் திரும்பலாம். பின்னாலுள்ள சரிவில் பட்டும் திரும்பலாம். புழுதியும் புகையும் வேறு குறுக்கிடும்.

இன்னொன்று, இந்த 25 மி.மீ. குண்டு முற்றிலும் புதிய வகை. உலகில் வேறெந்தப் படையும் அதைப் பயன்படுத்தவில்லை. எம்கே 19 சுடும் 40 மி.மீ. உயர்வேகக் குண்டையோ அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே, தென் கொரியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகள் தயாரிக்கின்றன. கிடங்குகளில் அது குவிந்து கிடக்கிறது. புதிய குண்டு என்றால் போர்க்குண்டு, பயிற்சிக்குண்டு, கவசம் துளைக்கும் குண்டு என ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு வரிசை வேண்டும், தரச்சோதனை வேண்டும், ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சேமிப்புச் சோதனையும் வேண்டும். லாஞ்சர் வாங்கும் செலவு ஒருமுறை. குண்டின் செலவு அந்த ஆயுதம் வாழும் காலம் முழுவதும்.

பதில்: குறிஞ்சிமலை_வாசகர்

ஆவடி செல்வம் ஐயா எழுதியதில் குண்டின் கன அளவைப் பற்றிய விளக்கம் மிகவும் பயனுடையது. ஆயினும் எடையைப் பற்றிய பகுதியை அவர் வேகமாகக் கடந்துவிட்டார் என்று எண்ணுகிறேன். அதனால் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

62 கிலோ எடையுள்ள ஆயுதத்தைக் காலாட்படைக் குழு தோளில் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது. 48 குண்டுகள் அடங்கிய எம்கே 19 பெட்டி ஒன்று ஏறத்தாழ 27 கிலோ இருக்கும். முழு வேகத்தில் சுட்டால் அது பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் எம்கே 19 பெரும்பாலும் வண்டியின் மேலோ, காவல் அரணிலோ, படகிலோ பொருத்தப்பட்ட ஆயுதமாகவே வாழ்ந்து வந்திருக்கிறது. வியட்நாமில் அது முதலில் ஏறியதும் அமெரிக்கக் கடற்படையின் ஆற்றுப் படகுகளில்தான். ஆப்கானிஸ்தானின் மலைப் பகுதிகளில் வண்டி போகாத இடத்தில் நடந்து சென்ற படையினருக்கு அது துணைக்கு வர இயலவில்லை. எக்ஸ்எம் 307-ஐ இரண்டு மூன்று பேர் பிரித்துச் சுமந்து செல்ல முடியும். அதன் குண்டும் இலகுவானது என்பதால் அதே சுமையில் மிகுதியான குண்டுகளைக் கொண்டு செல்லலாம். ஒரு சுவருக்குப் பின்னால் இருப்பவரை வீழ்த்த முப்பது பெரிய குண்டுகளுக்குப் பதில் மூன்று சிறிய குண்டுகள் போதுமென்றால், கன அளவுக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

இந்த எடைக் குறைப்பு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. எம்கே 19 சுடும்போது எழும் பின்னுதையை, குழலின் பின்புறத்தை மூடும் கனத்த பூட்டுத்தொகுதியின் எடையால் தாங்குகிறது. எக்ஸ்எம் 307-இல் குழலும் பூட்டும் சேர்ந்த தொகுதி முழுவதும் உறைக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது; அது முன்னோக்கி வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த குண்டு வெடிப்பதால், பின்னுதையின் ஒரு பகுதி அந்த முன்னோட்டத்தை நிறுத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. முக்காலிக்குச் சென்று சேரும் உதை மிகவும் குறைந்துவிடுவதால் முக்காலியையும் இலகுவாக்க முடிந்தது. பொறியியலாகப் பார்த்தால் மிக அழகான தீர்வு. அது முழுமை பெறாமல் நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

திட்டம் நின்றதற்கு அது சார்ந்திருந்த சூழலும் ஒரு காரணம். அமெரிக்கத் தரைப்படையின் வருங்காலப் போர் அமைப்புகள் என்ற பெருந்திட்டத்தின் வண்டிகளிலும் ஆளில்லா ஊர்திகளிலும் பொருத்துவதற்கான வடிவமும் இதற்கு இருந்தது. அப்பெருந்திட்டமே 2009-இல் கைவிடப்பட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அன்றாடத் தேவைகளுக்கே பணம் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

பதில்: நெய்தல்_இனியன்

குறிஞ்சிமலை வாசகரின் வாதம் வலுவானதுதான். ஆனால் எடையைக் குறைக்கப் புதிய குண்டு தேவையே இல்லை என்பதற்கு ரஷ்யர்கள் நல்ல எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறார்கள். சோவியத் படையில் 1970-களில் சேர்ந்த ஏஜிஎஸ் 17 முக்காலியோடு சேர்ந்து 31 கிலோ. அது 30 மி.மீ. குண்டை 1,700 மீட்டர் வரை வீசுகிறது. 1990-களில் அவர்கள் கொண்டுவந்த ஏஜிஎஸ் 30 அதே குண்டைத்தான் சுடுகிறது. ஆனால் முக்காலியோடு சேர்ந்தே அதன் எடை 16 கிலோதான். கிடங்கிலிருந்த குண்டு ஒன்றைக்கூட மாற்றாமல், ஆயுதத்தின் எடையைப் பாதியாக்கிவிட்டார்கள். ஒரே ஆளால் அதைத் தூக்கிக்கொண்டு இடம் மாற முடிகிறது. இந்தியப் படையிலும் இந்த 30 மி.மீ. வகையே இருக்கிறது, நமது திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஏஜிஎஸ் 17 தயாரிக்கப்பட்டு வருவதால், திருவெறும்பூர்ப் பக்கத்து வாசகர்கள் பலருக்கு இது அறிமுகமான ஆயுதமாகவே இருக்கும்.

ஏஜிஎஸ் 30-இல் நடுவான் வெடிப்பு இல்லை, 30 மி.மீ. குண்டு 40 மி.மீ. குண்டைவிடச் சிறியதுதான். இவற்றை மறுக்கவில்லை. ஆயுதம், குண்டு, குறிபார்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் புதிதாகச் செய்யப் புறப்படாமல், ஒன்றை மட்டும் மாற்றியதால் அது படைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையே சுட்டிக்காட்டுகிறேன்.

கேட்டவர்: கரிகாலன்_புதுவை

மூவருக்கும் மிக்க நன்றி. இப்போது எனக்கு இயல்பாகவே இன்னொரு கேள்வி எழுகிறது. நடுவானில் வெடிக்கும் குண்டைப் பழைய 40 மி.மீ. அளவிலேயே செய்திருக்கலாமே? அப்படிச் செய்திருந்தால் பெரிய குண்டின் ஆற்றலும் கிடைத்திருக்கும், துல்லியமும் கிடைத்திருக்கும் அல்லவா? மேலும், 12.7 மி.மீ. துப்பாக்கியாக மாறும் வசதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரே ஆயுதத்தில் இரண்டு பயன் என்பது படைக்கு நன்மைதானே?

பதில்: நெய்தல்_இனியன்

முதல் கேள்விக்கு நான் விடை தருகிறேன். இரண்டாவதை ஆவடி செல்வம் ஐயாவுக்கு விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது செய்யப்பட்டிருக்கிறது. எம்கே 47 என்ற 40 மி.மீ. லாஞ்சர் அதுதான். லாஞ்சரின் எடை 18 கிலோ, அதாவது எம்கே 19-இல் ஏறக்குறைய பாதி. அதன் பக்கவாட்டில் லேசர் தூரமானியும் கணினியும் கொண்ட குறிபார்ப்புக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. வழக்கமான 40 மி.மீ. குண்டுகளையும் சுடும், நடுவானில் வெடிக்குமாறு முன்னமைக்கக்கூடிய குண்டுகளையும் சுடும். இதைச் செய்ததும் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனமே என்பதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்எம் 307-ஐ உருவாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதே நிறுவனம் இதையும் முடித்துக் கொடுத்தது. அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைப் படைகள் இதை ஏற்றுக்கொண்டன. பின்னர் ஆஸ்திரேலியத் தரைப்படையும் வாங்கியது. சிங்கப்பூரும் தன் 40 மி.மீ. லாஞ்சருக்கு நடுவானில் வெடிக்கும் குண்டு அமைப்பைத் தானே உருவாக்கியிருக்கிறது.

இதில் படைக்குக் கிடைக்கும் பெரிய நன்மை, விலையுயர்ந்த குண்டு தீர்ந்துபோனாலோ வந்து சேராவிட்டாலோ ஆயுதம் பயனற்றுப் போய்விடாது என்பதுதான். கிடங்கிலிருக்கும் சாதாரண 40 மி.மீ. நாடாவை மாட்டிச் சுடலாம். கணினியும் தூரமானியும் இருப்பதால் அந்தச் சாதாரணக் குண்டுகூட முதல் சுடுதலிலேயே இலக்குக்கு மிக அருகில் விழும். எம்கே 19-ஐ இயக்குபவர் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, அடுத்ததைச் சரிசெய்து, பிறகுதான் இலக்கை அடைய முடியும். அதற்குள் பகைவர் பதுங்கிவிடுவார். குறிபார்ப்புக் கருவி ஒன்று மட்டுமே பாதிப் பயனைக் கொடுத்துவிடுகிறது என்பேன்.

சிறு விட்டத்தில் நடுவான் வெடிப்பைக் கொண்டுவர முயன்ற பிற திட்டங்களும் நிலைக்கவில்லை. துப்பாக்கியோடு 20 மி.மீ. லாஞ்சரை இணைத்த எக்ஸ்எம் 29, எடையாலும் குண்டின் ஆற்றல் போதாமையாலும் நின்றது. அதிலிருந்து பிரிந்து வந்த 25 மி.மீ. தோள் ஆயுதமான எக்ஸ்எம் 25, 2010-இன் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டது. பயன்படுத்திய படையினர் சிலர் அதைப் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் அதைச் சுமப்பவர் தம் வழக்கமான துப்பாக்கியை விட்டுவிட வேண்டியிருந்தது. 2013-இல் களத்தில் ஒரு கோளாறு நேர்ந்து ஒருவர் காயமடைந்த பின் அது திரும்பப் பெறப்பட்டது. 2018-இல் திட்டமே முடிவுக்கு வந்தது. தென் கொரியா 5.56 மி.மீ. துப்பாக்கியையும் 20 மி.மீ. லாஞ்சரையும் இணைத்துச் செய்த கே 11 படைக்குள் சென்ற பிறகும் கோளாறுகளால் அவதிப்பட்டு, 2019-இல் நிறுத்தப்பட்டது. இவற்றில் பயன்பட்ட குண்டு எக்ஸ்எம் 307-இன் குண்டன்று; எக்ஸ்எம் 25-உம் 25 மி.மீ. என்றாலும் அதன் குண்டின் உந்துமருந்து உறை குட்டையானது, வேகமும் குறைவு. ஆகவே அந்தக் கோளாறுகளை எக்ஸ்எம் 307 மீது ஏற்றிவிடக் கூடாது. சிறிய குண்டுக்குள் ப்யூஸையும் வெடிமருந்தையும் ஒருங்கே அடக்குவதில் எல்லோரும் இடர்ப்பட்டார்கள் என்பது மட்டும் பொது.

பதில்: குறிஞ்சிமலை_வாசகர்

எம்கே 47 பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் 18 கிலோ என்பது லாஞ்சரின் எடை மட்டுமே. முக்காலியும் குறிபார்ப்புக் கருவியும் சேர்ந்தால் அதுவும் எக்ஸ்எம் 307-இன் 23 கிலோவைத் தாண்டிவிடும், அதன் குண்டுப் பெட்டியும் எம்கே 19-இன் பெட்டியைப் போலவே கனமானது. நடந்து செல்லும் குழுவுக்கு இரண்டும் ஒன்றன்று. வண்டியில் செல்லும் படைக்கு 40 மி.மீ. சரியான விடை, மலையில் நடந்து செல்லும் படைக்கு அந்த விடை இன்னும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

பதில்: ஆவடி_செல்வம்

குறிஞ்சிமலை வாசகர் சொன்ன அந்தக் கடைசி வேறுபாடு நியாயமானது. நடந்து செல்லும் குழு, வண்டியில் செல்லும் குழு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரே ஆயுதம் இரு குழுவுக்கும் உதவ வேண்டும் என்று கேட்டதே திட்டத்தின் மேல் சுமையை ஏற்றியது. கரிகாலனின் இரண்டாம் கேள்வியும் இதோடு ஒட்டியதுதான்.

12.7 மி.மீ. வடிவத்துக்கு எக்ஸ்எம் 312 என்று பெயர். குழலையும் வேறு சில பாகங்களையும் மாற்றினால் சில நிமிடங்களில் ஒன்று மற்றொன்றாகிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரனேட் லாஞ்சருக்கு ஏற்ற சுடுவேகமும் இயந்திரத் துப்பாக்கிக்கு ஏற்ற சுடுவேகமும் வேறுவேறு. எக்ஸ்எம் 307 நிமிடத்துக்கு ஏறத்தாழ 260 குண்டுகள் சுட்டது. ஒவ்வொரு குண்டும் கணக்கிட்டு வெடிப்பதால் அதற்கு மேல் தேவையுமில்லை. குறிஞ்சிமலை வாசகர் அழகாக விளக்கிய அந்தப் பின்னுதைக் குறைப்பு முறைக்கும் இந்த மெதுவான வேகம் இன்றியமையாதது. நகரும் தொகுதி நீண்ட தூரம் போய்வர நேரம் வேண்டும். அதே உடலில் 12.7 மி.மீ. குழலைப் பொருத்தியபோது துப்பாக்கிக்கும் அதே 260 சுற்று வேகமே வாய்த்தது. எதற்கு மாற்றாக அது வரவிருந்ததோ அந்தப் பழைய 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியான எம் 2 பிரௌனிங்கோ நிமிடத்துக்கு 450 முதல் 600 தோட்டாக்கள் வரை சுடும். ஓடும் வண்டியையோ தாழப் பறக்கும் ஹெலிகாப்டரையோ எதிர்கொள்ளும் துப்பாக்கிக்காரருக்குச் சுடுவேகம் பாதியாகிவிடுவது சிறிய இழப்பன்று; எடை குறைந்ததற்காக அதை அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. களத்தில் இருக்கும் குழு துப்பாக்கியை லாஞ்சராக மாற்ற வேண்டுமென்றால் மாற்றுக் குழலையும் பாகங்களையும் இருவகை வெடிபொருளையும் கூடவே சுமந்திருக்க வேண்டும். அப்படிச் சுமந்தால் எடைக் குறைப்பின் பயனில் பெரும்பகுதி போய்விடும். சுமக்காவிட்டால் மாற்றும் வசதி கிடங்கில் மட்டுமே பயன்படும்.

2007-இல் எக்ஸ்எம் 307 நின்ற பிறகு, தரைப்படை அந்த இலகுவான பொறியமைப்பை 12.7 மி.மீ. துப்பாக்கிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு எக்ஸ்எம் 806 என்ற பெயரில் தொடர்ந்தது. அதன் சுடுவேகமும் நிமிடத்துக்கு 250 அளவிலேயே நின்றது. 2012-இல் அதுவும் கைவிடப்பட்டது. அதற்கென்றிருந்த பணம் பழைய எம் 2 துப்பாக்கிகளை எம் 2 ஏ 1 வடிவத்துக்கு மாற்றும் பணிக்குத் திருப்பப்பட்டது. அந்த மாற்றத்தில் எடை குறையவில்லை; குழலை விரைவாகக் கழற்றி மாட்டவும், ஒவ்வொரு முறையும் பூட்டு இடைவெளியை (பூட்டுக்கும் குழலில் அமரும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியை)க் கையால் அளந்து சரிசெய்யாமல் சுடவும் வழி கிடைத்தது. பழைய துப்பாக்கியில் அந்த இடைவெளி தவறாக அமைந்தால் சுடுபவருக்கே ஆபத்து நேரும் என்பதால், படையினர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த திருத்தம் அது.